தறியும் திரையும்: இயங்குருக்களின் ஒத்தியக்கம்

1. தோற்றுவாய்

புதுவை நகரின் வடபால் அமைந்தது முத்தியால்பேட்டை. பிரெஞ்சியர் ஆட்சிக் காலத்தில் புதுவைத் துறையிலிருந்து கடல் கடந்து சென்ற பொருள்களுள் துணி சிறப்பிடம் பெற்றிருந்தது. நீலச் சாயம் தோய்த்த புதுவைத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் நாடு வரையிற் சென்று விலைபோயிற்று. அத்தகைய நெசவு மரபுக்கு உரிய குடியிருப்புகளுள் முத்தியால்பேட்டையும் ஒன்று. இன்று அங்குத் தறியொலி முன்னைப்போல் கேட்பதில்லை. நாளை நெசவைக் கற்கப் புகும் மாணவன் தறியை நேரிற் காண்பதினும் கணிப்பொறித் திரையில் அசையும் படமாகக் காண்பதே மிகுதியாதல் கூடும்.

ஆயின், திரையில் அசையும் தறி மெய்யான தறியைப் போலவே இயங்குமா? பாவின் வாய் திறக்குமுன் நாடா ஓடுவதாகவும், நாடா பாதிவழியில் நிற்கும்போதே அச்சு வந்து அடிப்பதாகவும் படம் காட்டுமாயின், அதனைக் காணும் மாணவன் பிழையையே நெசவெனக் கற்பான். பிழைபட்ட ஏடு பொருளைத் திரிப்பதுபோலப் பிழைபட்ட அசைவுப்படமும் தொழிலறிவைத் திரிக்கும். ஆதலின் பல உருக்களைத் திரையில் ஒருங்கே இயக்கும் முறையாது, அதன்கண் நேரும் பிழைகள் யாவை, அவற்றை நீக்கும் நெறியாது என்பவற்றைத் தமிழ் ஆய்வாளரும் அறிந்திருத்தல் வேண்டும். ஓலைச்சுவடியும் கல்வெட்டும் கூத்தும் தொழிலும் மின்வடிவம் பெற்றுவரும் இந்நாளில் இது கணிப்பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

2. தறியின் இயக்கம்

குழித்தறியின் முன் அமர்ந்த நெசவாளர் குழியினுள் உள்ள மிதிகளுள் ஒன்றைக் காலால் அழுத்துகின்றார். மிதியோடு பிணைக்கப்பட்ட விழுதுகள் ஏறியும் இறங்கியும் பாவிழைகளை மேல், கீழ் என இரு கூறாகப் பிரிக்கின்றன. இப்பிரிவால் உண்டாகும் இடைவெளியே பாவின் வாய். அதன் வழியே, தாரிற் சுற்றிய ஊடையிழையைச் சுமந்துகொண்டு நாடா ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்கு ஓடுகின்றது. பின்னர் அச்சு முன்வந்து ஊடையை நெய்த துணியின் விளிம்போடு சேர்த்து அடிக்கின்றது. அடுத்த மிதி அழுத்தப்பட, மேலிருந்த இழைகள் கீழாகவும் கீழிருந்தவை மேலாகவும் மாறுகின்றன. நாடா வந்த வழியே மீள்கின்றது.

திறப்பு, ஓட்டம், அடிப்பு என்னும் இம்மூன்றும் முறை பிறழாமல் நிகழ்தற்குக் காரணம் யாது? முதலாவது, பொருள்களின் இயல்பு. வாய் திறவாதபோது நாடா செல்ல இயலாது. இழை தடுக்கும், அல்லது அறும். இரண்டாவது, நெசவாளரின் உடல். கால் மிதிக்க, ஒரு கை நாடாவை விசைக்கயிற்றால் எறிய, மற்றொரு கை அச்சை இழுக்க, இவை யாவும் ஒரே மனத்தின் தாளத்திற்கு ஆட்பட்டு இயங்குகின்றன. விசைக்கயிற்றால் நாடாவை எறியும் முறையை இங்கிலாந்தில் சான் கே என்பார் 1733-இல் அமைத்தார். அது விரைவைக் கூட்டியதேயன்றி இம்முறையை மாற்றவில்லை.

திரையில் வரைந்த தறிக்கோ இவ்விரண்டும் இல்லை. வரைந்த நாடா மூடிய பாவின் ஊடே தடையின்றிச் செல்லும். வரைந்த இழை அறுவதில்லை. படத்தில் உள்ள விழுதுக்கும் நாடாவுக்கும் இடையே யாதொரு பிணைப்பும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி உரு; ஒவ்வொன்றும் தனக்கிட்ட கட்டளையை மட்டுமே அறியும். மெய்யான தறியில் மரமும் கயிறும் உடலும் செய்யும் பிணைப்பைத் திரையில் காலம் ஒன்றே செய்தல் வேண்டும். இதுவே ஒத்தியக்கத்தின் அடிப்படை. அசையும் படங்களை இக்கட்டுரையில் இயங்குரு எனவும், பல இயங்குருக்கள் தம்முள் காலப் பொருத்தம் பிறழாது இயங்குதலை ஒத்தியக்கம் எனவும் குறிப்போம்.

3. அரங்கேற்று காதை தரும் விளக்கம்

பல இயக்கங்களைக் காலத்தால் பிணைக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கின் இசைக்கருவிகள் நின்ற முறை கூறப்படுகின்றது. முதலாவது குழல், அதனைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, அதன் பின்னர் முழவு. இறுதியாக வரும் ஆமந்திரிகையோ முழவின் பின்னே நிற்பதாகக் கூறப்படாமல், அதனோடு கூடி ஒலிப்பதாகக் கூறப்படுகின்றது. இதன்கண் இருவகை உறவுகள் புலப்படுகின்றன. ஒன்றன் வழி ஒன்று வருதல் ஓர் உறவு. ஒன்றோடொன்று கூடி நிகழ்தல் மற்றோர் உறவு.

இவ்விரு உறவுகளையே 1998-இல் வலைக் கூட்டமைப்பினர் வெளியிட்ட ஸ்மைல் என்னும் குறிமொழியும் அடிப்படையாகக் கொண்டது. அம்மொழியில் தொடர்நிகழ்வுக்கு ஒரு குறியும் உடனிகழ்வுக்கு ஒரு குறியும் உண்டு. 2001-இல் வெளிவந்த எஸ்.வி.ஜி. என்னும் வரைபட மொழி இவ்வழியைத் தழுவி, ஓர் உருவின் அசைவு முடிந்தவுடன் மற்றொன்றின் அசைவு தொடங்குக எனக் கூறும் வாய்ப்பை அளித்தது.

அக்காதையில் கூறப்படும் எழினிகளும் ஈண்டு நோக்கத்தக்கன. ஒருமுக எழினி ஒரு புறத்திலிருந்து வருவது. பொருமுக எழினி இரு புறத்திலிருந்தும் வந்து பொருந்துவது. கரந்துவரல் எழினி மேலிருந்து இறங்குவது. ஒருமுக எழினிக்கு ஒத்தியக்கம் வேண்டா. பொருமுக எழினிக்கோ அது இன்றியமையாதது. ஒரு பாதி முந்தினும் பிந்தினும் இரண்டும் நடுவிற் பொருந்தா. திரையில் இரு பாதிகளையும் இரு வேறு கணங்களில் தொடங்கிவிட்டு, அவை நடுவிற் சேரவில்லையே என வருந்துவார் பலர். பிழை ஓட்டத்தில் இல்லை, தொடக்கத்தில் உள்ளது.

இக்கருவிகளையும் ஆடலையும் ஒன்றாக நிறுத்தியது யாது எனின், தாளம் எனலாம். பாணி, தூக்கு என்னும் தாளக் கூறுகளை அறிந்திருத்தல் தண்ணுமையாசிரியனுக்கு உரிய தகுதிகளுள் ஒன்றாக அக்காதையிற் கூறப்படுகின்றது. ஒரு கருவி மற்றொன்றன் வழி நிற்பினும், எல்லாக் கருவியும் தாளம் ஒன்றன் வழி நிற்றல் வேண்டும். இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகும்.

4. தொடர்முறையும் அதன் குறையும்

வலைப்பக்கத்தில் உருக்களை இயக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் என்பார் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்தபோது இதனை உருவாக்கினார். இம்மொழியைப் புதிதாகக் கற்போர் முதலில் கையாள்வது செட் டைம்அவுட் என்னும் கட்டளை. இத்துணை மில்லிநொடி கழிந்தபின் இச்செயலைச் செய்க என்பது அதன் பொருள். இதனைக் கொண்டு தறியை இயக்குவோர், வாய் திறந்து 400 மில்லிநொடி கழிந்தபின் நாடாவை விடுக, நாடா புறப்பட்டு 500 மில்லிநொடி கழிந்தபின் அச்சை அடிக்க, அச்சு புறப்பட்டு 300 மில்லிநொடி கழிந்தபின் மீண்டும் வாயைத் திறக்க எனச் சங்கிலிபோல் எழுதுவர். ஓர் ஊடைக்கு ஆகும் காலம் 1200 மில்லிநொடி.

காண்பதற்கு இது செவ்விய முறையே. ஆயினும் அக்கட்டளை 400 எனின், 400-க்குக் குறையாமல் என்பதே பொருளன்றிச் சரியாக 400 என்பதன்று. கணிப்பொறி வேறு பணியில் ஈடுபட்டிருப்பின் கட்டளை சிறிது பிந்தும். ஒவ்வொரு கட்டத்திலும் 4 மில்லிநொடி மட்டுமே பிந்துவதாகக் கொள்வோம். மூன்று கட்டங்களுக்கு 12 மில்லிநொடி. நூறு ஊடைகள் நெய்து முடியும்போது பிந்திய காலம் 1200 மில்லிநொடி. அஃதாவது, ஓர் ஊடை முழுதும் பின்தங்கிவிடும். இத்தறிக்கு மெய்யான நெசவொலியைப் பதிவுசெய்து உடன் ஒலிக்கச் செய்திருப்பின், ஐம்பதாவது ஊடையை அடுத்து அச்சின் அடியோசை காதில் விழும்போது திரையில் நாடா அப்போதுதான் புறப்படும். பல உருக்களுக்குத் தனித்தனிச் சங்கிலி அமைத்திருப்பின் ஒவ்வொன்றும் வெவ்வேறளவு பிந்தி, உருக்கள் தம்முள்ளும் முரணும்.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்கு இக்குறை எளிதில் விளங்கும். மூல ஏட்டிலிருந்து ஒருவர் படியெடுக்கின்றார், அப்படியிலிருந்து மற்றொருவர், அதிலிருந்து வேறொருவர். ஒவ்வொரு படியிலும் நேரும் சிறுபிழை அடுத்த படிக்குச் செல்கின்றது. அதனோடு புதுப்பிழையும் சேர்கின்றது. பத்தாம் படியை எழுதியவர் எத்துணைக் கருத்துடையவராயினும் முன் ஒன்பதின் பிழைகள் அவரைச் சாரும். மூல ஏடு ஒன்றிலிருந்தே பத்துப் படிகளையும் எடுப்பின், ஒவ்வொன்றிலும் பிழை நேரலாம். ஆனால் பிழை பெருகுவதில்லை. காலத்திற்கும் இஃதே நெறி. ஒவ்வோர் அசைவும் முந்திய அசைவைப் பார்த்துத் தொடங்குதல் படியிலிருந்து படியெடுத்தல். எல்லா அசைவும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தல் மூலத்திலிருந்து படியெடுத்தல்.

5. ஒரே கடிகாரம்

முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டு ஒன்று உண்டு. ஊர்ப் பொதுவில் ஒரு கடிகாரம் நிறுத்துவதன் பயன் யாது? பலரும் தத்தம் மதிப்பீட்டால் காலத்தை எண்ணாமல், ஒன்றைப் பார்த்துத் தம்மை ஒழுங்குசெய்துகொள்ளுதலே. திரையிலும் அத்தகைய மணிக்கூண்டு ஒன்றை நிறுவுதல் வேண்டும்.

இன்றைய உலாவிகளில் ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் என்னும் வாய்ப்பு உண்டு. திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படுமுன் உலாவி நம் கட்டளையை அழைத்து, அக்கணத்தின் காலத்தையும் அறிவிக்கின்றது. ஒரே சட்டகத்தில் அழைக்கப்படும் கட்டளைகள் அனைத்திற்கும் ஒரே கால அளவு தரப்படுவது இதன் சிறப்பு. விழுதுக்கு ஒரு நேரமும் நாடாவுக்கு ஒரு நேரமும் என வேறுபாடு நேர்வதில்லை.

இங்கும் ஒரு தவறு நேர்தல் கூடும். சட்டகந்தோறும் நாடாவை 5 புள்ளி நகர்த்துக என எழுதின், ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் அது ஒரு விரைவிலும், 144 முறை புதுப்பிக்கும் திரையில் அதனினும் 2.4 மடங்கு விரைவிலும் ஓடும். ஆகவே, எவ்வளவு நகர்ந்தது எனக் கூட்டிக்கொண்டு செல்லாமல், இந்நேரத்தில் எங்கே இருத்தல் வேண்டும் என வினவுதலே முறை.

அவ்வினாவிற்கு விடை காண்பது எளிய வகுத்தற்கணக்கு. தறி இயங்கத் தொடங்கி 31,000 மில்லிநொடி ஆயின எனக் கொள்வோம். இதனை 1200-ஆல் வகுப்பின் ஈவு 25, மீதி 1000. நெய்து முடிந்த ஊடைகள் 25 என்பதை ஈவு காட்டுகின்றது. இப்போது நிகழ்வது 26-ஆம் ஊடை. முதல் ஊடையில் நாடா இடமிருந்து வலமாக ஓடியதெனின், 26 இரட்டைப்படை எண்ணாதலின் நாடா வலமிருந்து இடமாக ஓடியிருக்கும். மீதி 1000 என்பது 900-க்கும் 1200-க்கும் இடைப்பட்டது. ஆதலின் நாடா ஓடி முடிந்தது, அச்சு இயங்கிக்கொண்டிருக்கின்றது. அதன் காலமாகிய 300-இல் 100 கழிந்தமையின் மூன்றில் ஒரு பங்கு இயக்கம் நிறைவெய்தியது. விழுதின் நிலை, நாடாவின் இடம், அச்சின் சாய்வு, துணியின் நீளம் ஆகிய நான்கும் 31,000 என்னும் ஓர் எண்ணிலிருந்தே பெறப்பட்டன. அவற்றுள் ஒன்றும் மற்றொன்றை நோக்கவில்லை. எனினும் நான்கும் பொருந்தின.

கணிப்பொறி திணறிச் சில சட்டகங்களை விட்டுவிடினும் இம்முறையில் கேடில்லை. அடுத்த சட்டகம் எப்போது வருகின்றதோ அப்போதைய காலத்திற்குரிய இடத்தில் எல்லா உருவும் நிற்கும். அசைவு சற்றே குதித்துத் தோன்றலாம், முறை பிறழ்வதில்லை. தறியின் வரலாற்றைக் காட்டும் படத்திற்கு வழவழப்பினும் முறையே பெரிது.

6. காலக்கோடு

மேற்கூறிய கணக்கை ஒவ்வோர் உருவிற்கும் கையால் எழுதுதல் அரிது. ஆதலின் கிடைக்கோடு ஒன்றைக் காலமாகக் கொண்டு, எந்த உரு எப்புள்ளியில் தொடங்கி எப்புள்ளியில் முடியும் என அதன்மேல் குறிக்கும் முறை எழுந்தது. இதுவே காலக்கோடு. அதன்கண் உருவின் நிலை வரையறுக்கப்படும் புள்ளி திறவுச்சட்டகம் எனப்படும். இடைப்பட்ட நிலைகளைக் கணிப்பொறியே நிரப்பிக்கொள்ளும். 1996-இல் தோன்றிய ஃபிளாஷ் என்னும் கருவி இம்முறையை வலையுலகிற் பரப்பிற்று. அதற்குரிய ஆதரவு 2020 திசம்பர் 31-இல் நிறுத்தப்பட்டது. இன்று உலாவிகளிலேயே இவ்வாய்ப்பு அமைந்துள்ளது. ஒவ்வொரு வலை ஆவணத்திற்கும் பொதுக் காலக்கோடு ஒன்று உண்டு. பல அசைவுகளுக்கும் ஒரே தொடக்க நேரத்தை அதன்மேல் குறித்துவிடின் அவை ஒன்றாகத் தொடங்கும். ஜிசாப் போன்ற நூலகங்கள் காலக்கோட்டிற் பெயரிட்ட குறிகளை நட்டு, வாய் திறந்த புள்ளியிலிருந்து நாடாவை விடுக எனப் பொருள் விளங்க எழுதவும் இடந்தருகின்றன.

தொடர்முறை குறையுடையது என மேலே கூறினோம். காலக்கோட்டிலும் ஒன்றன்பின் ஒன்று வருகின்றதே, இஃது எங்ஙனம் வேறுபடும் என ஐயுறலாம். தொடர்முறையில் ஓர் அசைவு முடிந்த பின்னரே அடுத்ததன் தொடக்கம் அறியப்படும். காலக்கோட்டிலோ எல்லாத் தொடக்கங்களும் முன்னரே கணக்கிடப்பட்டுக் கோட்டின்மேல் நிலைபெற்றுவிடுகின்றன. ஒன்றன் வழி ஒன்று என்னும் உறவு எழுதும்போது மட்டும் உள்ளது. இயங்கும்போது எல்லாம் கோடு ஒன்றையே நோக்குகின்றன. அரங்கேற்று காதையின் கருவிகள் ஒன்றன் வழி ஒன்று நின்றும் தாளத்திற் கூடியமை போன்றது இது.

நெசவுத்தொழிலுக்கே இத்தகைய காலக்கோடு ஒன்று முன்னரே வாய்த்திருந்தது என்பது வியப்பளிப்பது. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்துச் சாக்கார் என்பார், துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறியின்மேல் அமைத்தார். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. துளை உள்ளவிடத்து இழை உயரும், இல்லாதவிடத்து உயராது. கணிப்பொறியின் முன்னோடியாகக் கருதப்படும் பகுப்புப்பொறியைத் திட்டமிட்ட சார்லசு பாபேச் இவ்வட்டைகளையே தம் பொறிக்கும் கட்டளை ஏடாகக் கொண்டார். இன்று திரையில் தறியை இயக்கும் கருவியின் வழிமரபு ஒரு வகையில் தறியிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

7. ஒலியோடு இயைதல்

அசைவோடு ஒலியும் சேரும்போது எது தலைமை ஏற்றல் வேண்டும் என்னும் வினா எழும். ஒலியே தலைமை ஏற்றல் வேண்டும் என்பது துறையறிந்தோர் கொள்கை. படம் ஒரு சட்டகம் தாவினும் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலி ஒரு கணம் அறுபடினும் காது பொறாது. மேலும், ஒலி படத்திற்கு முந்துவதை மனிதர் விரைவில் உணர்வர். பிந்துவதைச் சிறிது பொறுப்பர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி ஏறக்குறைய 45 மில்லிநொடி முந்தினாலும் 125 மில்லிநொடி பிந்தினாலும் வேறுபாடு புலப்படத் தொடங்கும். மேலே கண்ட சங்கிலிமுறையில் நான்காவது ஊடை முடியும்போதே முதல் எல்லை கடக்கப்படும் என்பதை நோக்குக. ஆதலின் ஒலிப்பதிவு இப்போது எத்தனையாவது நொடியில் உள்ளது என்பதனைச் சட்டகந்தோறும் கேட்டறிந்து, அதனையே கடிகாரமாகக் கொண்டு உருக்களை நிறுத்துதல் வேண்டும்.

இந்நெறி தமிழ்த்துறையினர்க்குப் பெரிதும் பயன்படுவது செய்யுளோதலில். ஒருவர் பாட்டை ஓதத் திரையில் எழுத்துகள் நிறம் மாறி உடன் செல்லும் படங்கள் யாப்புக் கல்விக்கு ஏற்றவை. எழுத்திற்கு உரிய காலத்தைத் தொல்காப்பியர் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் அளந்து மாத்திரை என்றார். குறில் 1, நெடில் 2, மெய் அரை எனக் கொண்டு, அம்மா என்னும் சொல்லுக்கு மூன்றரை மாத்திரை எனக் கணக்கிடலாம். ஆயின், இக்கணக்கைக் கொண்டே நிறமாற்றத்தை இயக்குதல் பிழையாகும். ஓதுவார் சீரிடையே நிறுத்துவர், சில எழுத்தை நீட்டுவர். பதிவைக் கேட்டு ஒவ்வொரு சீரின் தொடக்கத்தையும் காலக்கோட்டிற் குறித்துக்கொண்டு, ஒரு சீரின் உள்ளே மட்டும் மாத்திரை விகிதத்தாற் பகுப்பின் இரண்டும் இயையும். பிழை நேரினும் ஒரு சீரின் எல்லையைத் தாண்டாது.

8. காத்தற்குரிய சில

கடிகாரம் நாள், நாழிகை காட்டும் கடிகாரமாக இருத்தல் ஆகாது. அதனைக் கணிப்பொறி இடையிடையே திருத்திக்கொள்ளும். திருத்தும்போது தறி முன்னோ பின்னோ தாவும். பக்கம் திறந்ததுமுதல் ஒருபோதும் பின்செல்லாது எண்ணும் கடிகாரமே ஏற்றது.

பார்ப்பவர் வேறு பக்கத்திற்குச் சென்றுவிடின் உலாவி சட்டக அழைப்பை நிறுத்திவைக்கும், காலமோ ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் கழித்து மீள்பவர் 500 ஊடை கடந்த துணியைக் காண்பார். இது வேண்டாவாயின், விலகியிருந்த காலத்தைக் கணக்கிலிருந்து கழித்தல் வேண்டும்.

அசைவு சிலர்க்குத் தலைச்சுற்றலை விளைவிக்கும். அசைவைக் குறைக்குமாறு தம் கருவியில் அமைத்துக்கொண்டோரை உலாவி நமக்கு அறிவிக்கும். அவர்க்குத் திறப்பு, ஓட்டம், அடிப்பு என்னும் மூன்று நிலைகளையும் அசையாப் படங்களாகத் தருதல் கடன்.

9. முடிவுரை

பல உருக்களை ஒன்றாக இயக்கும் நெறி ஒரு தொடரில் அடங்கும்: ஒவ்வோர் உருவும் அண்டை உருவை நோக்காது, பொதுக் காலம் ஒன்றையே நோக்குக. பொருளும் உடலும் மெய்யான தறியில் காக்கும் முறையைத் திரையில் காக்க வேறு காவலர் இல்லை.

இதனால் ஆய்வாளர்க்கு ஒரு கடமை பெறப்படும். கடிகாரத்தையும் கோட்டையும் கணிப்பொறியாளர் தருவர். எந்த அசைவு எப்புள்ளியில் தொடங்கும் என்பதை அவர் அறியார். அதனை அறிந்தவர் தறியின்முன் அமர்ந்த நெசவாளரே. முத்தியால்பேட்டையிலும் பிற ஊர்களிலும் நெய்யும் கைகள் உள்ள இந்நாளிலேயே அவரிடம் சென்று, மிதிக்கும் நாடாவுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரையிற் கொண்ட 400, 500, 300 என்னும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவையே. அவற்றின் இடத்தில் மெய்யான அளவுகள் அமையும்போதே திரையில் அசைவது தறியாகும்.